மயில்நீலப் பெயிண்ட்

டிசம்பர் 2, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். அக்காவின் காரைத் தனி ஆளாக நின்று சரிசெய்தது யார் என்று நாளைக்கு யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டும் அல்லவா? இந்த டைரி ஏதோ ஒரு மோட்டார் பம்பு கம்பெனி அக்காவுக்குக் கொடுத்தது. ஆறு வருஷம் பழசு. கிழமை ஒத்துவராது. அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதியிருக்கிறேன்.

நான் தவசிலிங்கம். வயது அறுபத்தொன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. 'இதற்கு மேல் உனக்குச் சொல்லித்தர இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை' என்று ஹெட்மாஸ்டரே சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விருதுநகரில் அக்கா சௌந்தரத்தின் வீட்டில்தான் முப்பது வருஷமாக இருக்கிறேன். அவள் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வாங்கிய வெள்ளைக் காரைப் பதினைந்து வருஷமாக ஓட்டியவன் நான். அவளுக்கு கியர் எது, பிரேக் எது என்று தெரியாது.

அக்டோபர் பதினேழு காலையில் நெஞ்சுவலி வந்து அக்கா இறந்துபோனாள்.

இன்று அக்கா மகள் ஜெயக்கொடி கோயமுத்தூரில் இருந்து போன் செய்தாள்.

"மாமா, கார என் பேருக்கு மாத்தியாச்சு. ஜனவரி இருவதோட பதினஞ்சு வருஷம் முடியுது. பதிவப் புதுப்பிக்க அன்னிக்கு ஆர்டிஓ ஆபீசுல கொண்டுபோய் நிறுத்தணும். ஓடலன்னா போகிக்குப் பழைய சாமான்காரன வரச்சொல்லித் தூக்கிக் குடுத்துருவேன்."

"ஓடும்மா. நான் எதுக்கு இருக்கேன்?"

"அப்ப அம்மாவுக்கு வலி வந்த அன்னிக்கு ஏன் மாமா ஓடல?"

பேட்டரி என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன். ஒரு டம்ளர்தான் போட வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

கார் வேலைக்காக ஆர்டர் செய்த மெஷின் வந்துவிட்டது. கைக்குள் அடங்குகிற ரோட்டரி மெஷின். தடித்த மெழுகுவர்த்தி மாதிரி இருக்கிறது. நுனியில் எதை மாட்டினாலும் அதைச் சுற்றும். கம்பி பிரஷ், உப்புத்தாள் உருளை, சாணைக்கல், அறுக்கிற வட்டு, பாலீஷ் போடும் பஞ்சு என்று டப்பாவில் நூற்றுப் பத்து சாமான். நிமிஷத்துக்கு முப்பத்தைந்தாயிரம் சுற்று என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் கையில் நாற்பதாயிரத்துக்குக் குறையாது.

எதிர்வீட்டுப் பவுன்தாய் இட்லி கொண்டுவந்தவள் கேட்டிலேயே நின்று பார்த்தாள்.

"என்னண்ணே, பல்லு டாக்டரு மிஷினு மாதிரி இருக்கு?"

"பல்லும் புடுங்கலாம், டேங்கும் புடுங்கலாம். பட்டாளத்துல இதத்தான் வச்சிருக்கான்."

"பாத்துண்ணே. கையப் புடுங்கிறப் போகுது" என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

கண்ணுக்குப் போட ஒன்றும் இல்லை. மேஜைமேல் அக்காவின் கண்ணாடி இருந்தது. போட்டுக்கொண்டேன். எல்லாம் பெரிதாகத் தெரிந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

முன்விளக்கு இரண்டும் பழைய மஞ்சளாக இருந்தது. பஞ்சு வட்டில் பற்பசையைத் தடவி மெதுவாக ஓட்டினேன். ஒரே இடத்தில் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும். கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இடதுபக்கம் லேசாக உருகிவிட்டது. டிசைன் மாதிரி இருக்கிறது. தெருவே நின்று பார்த்தது. ஒருவர் தன் வண்டியையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். யார் என்று எழுத மாட்டேன். பெரிய பதவியில் இருப்பவர்.

வேலை முடிந்து உள்ளே வந்து உட்கார்ந்தேன். கை அதிர்ந்துகொண்டே இருந்தது. அது நின்றபிறகு ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை. ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கதவுக்குக் கீழே படியோரத் தகட்டில் துரு. அக்கா ஏறும் பக்கம்தான் அதிகம். மழைக்காலத்தில் ஈரச்செருப்பை அங்கேதான் தட்டிவிட்டு ஏறுவாள். கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினேன். துரு செந்தூள் மாதிரி பறந்தது. பிரஷில் இருந்து ஒரு கம்பி பிய்ந்து வந்து கண்ணாடியில் டிக் என்று அடித்தது. அக்கா கண்ணாடி என்பதால் தப்பித்தேன். பழைய காலத்துச் சரக்கு, கெட்டி. இருந்தாலும் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன.

தகட்டில் ஒரு பொத்தல் இருந்தது. நான் போட்டது இல்லை. பட்டிவைத்து மூடினேன்.

இட்லி இருந்தது. சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மைதீன் வந்தான். பஜாருக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. ஜெயக்கொடி போன் செய்து அனுப்பியிருக்கிறாள். ஜும்மா தொழுகை முடித்து நேராக வந்தவன் கையில் வேறொரு வண்டியில் கழற்றிய நல்ல பேட்டரி.

"பானட்டத் தொறங்க அண்ணாச்சி."

"அது கெடக்கட்டும். மொத ஹெட்லைட்டப் பாரு."

"லைட்டு கல்யாணப் பொண்ணு கணக்கா மினுங்குது. பானட்டத் தொறங்க."

அவனே திறந்துவிட்டான். திறந்தவன் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"என்ன அண்ணாச்சி, உள்ள மயில் குடியிருக்கா?"

ஆயுதபூஜைக்காக அடித்தது. கேட்டுக்கு அடித்த மயில்நீலப் பெயிண்ட் அரை டப்பா மீதி இருந்தது. எல்லோரும் காரை வெளியே கழுவிப் பொட்டு வைப்பார்கள். உள்ளே யார் பார்க்கிறார்கள்? நான் உள்ளே இருந்த பிடிப்பு ஒவ்வொன்றையும் கழற்றி, அடியில் அடித்து, காயவைத்து, திரும்ப மாட்டினேன். ஒரு போல்ட்டின் அடியைக்கூட விடவில்லை. இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு என்ஜின் அறை கிடையாது. அன்று எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றும்போது வண்டி நாலைந்து தரம் திணறிவிட்டுத்தான் கிளம்பியது. பழம் பெரிசு என்று அக்காவிடம் சொன்னேன்.

மைதீன் பேட்டரியை மாற்றினான். ஹார்ன் அடித்தது. விளக்கு எரிந்தது. சாவியைத் திருகினான். டக். அவ்வளவுதான். இன்னொரு தரம். டக்.

"பேட்டரி இல்ல அண்ணாச்சி. லைட்டு பளிச்சுன்னு எரியுது, ஆனா என்ஜினத் தள்ள மாட்டேங்குது. எர்த் பாக்கணும்." என்ஜினில் இருந்து வந்து பாடியில் முடுக்கியிருக்கும் தடித்த பட்டையைக் காட்டினான். "இந்த எடத்துல இரும்ப இரும்பு தொடணும். தொட்டாத்தான் கரண்டு திரும்பும். நடுவுல ஒரு தாளு இருந்தாலும் போச்சு. இதுக்கு அடியிலயுமா பெயிண்ட் அடிச்சீக?"

"அதுக்கு அடியில எவனாவது அடிப்பானா?"

"ஒரு நிமிஷம், கழட்டிப் பாத்துருவோம்."

"டீ ஆறுதுடா, வா" என்று பானட்டை மூடிவிட்டேன்.

டீ போட்டிருக்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு குடித்தான்.

டிசம்பர் 14, சனி

பின்பம்பரில் தலை தேய்ந்துபோன திருகு இரண்டு. அறுக்கிற வட்டை மாட்டி, தலையில் புதுக் கீறல் போட்டு, திருப்புளியால் கழற்றினேன். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியாது. நாலு வட்டு உடைந்தது. பானட் பக்கம் வேலை ஒன்றும் இல்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

அக்கா போய் இரண்டு மாதம். சாத்தூரில் இருந்து உறவுக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அன்று காலை நடந்ததைக் கேட்டார்கள். சொன்னேன். அக்கா 'தம்பி' என்று கூப்பிட்டதும் ஒற்றைக் கையில் தூக்கிவந்து காரில் உட்காரவைத்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டது. இரண்டே நிமிஷம். நடுரோட்டில் பாய்ந்து ஆட்டோவை மறித்தேன். டிரைவர் பயந்துவிட்டான், நானே பிடித்து ஓட்டினேன். 'இதைவிட வேகமாக மனுஷன் வர முடியாது சார்' என்று டாக்டரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவ பேட்டரின்னீகளே மச்சான்?" என்றார் ஒருவர்.

"பேட்டரி போனா ஸ்டார்ட்டரும் போயிரும். ரெண்டும் அண்ணன் தம்பி."

எல்லோரும் தலையாட்டினார்கள். காபி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பவுன்தாய் இன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரின் பக்கக் கண்ணாடியின் மூலையைச் சாணைக்கல்லில் வழித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச்சொல்லிக் கையைக் காட்டினாள்.

"சாத்தூர்காரக வந்தப்ப ரெண்டு நிமிசம்னு சொன்னீகளாம்?"

"ஆமா."

"அண்ணே, அன்னிக்கு நான் கோலம் போட வெளிய வரயில அக்கா காருல உக்காந்திருந்தாக. மடியில பைய வச்சிக்கிட்டு. கோலத்தப் போட்டு, குழாயில ரெண்டு கொடம் தண்ணி புடிச்சு, முக்குக்குப் போயி பாலு வாங்கிட்டு வரேன், அப்பயும் உக்காந்திருந்தாக. நாந்தான் சத்தம் போட்டேன், ஆட்டோவக் கூப்பிடுங்கன்னு."

"உங்க கோலம் சின்னக் கோலம் பவுன்தாய். ரெண்டு நிமிஷக் கோலம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் மெஷினைப் போட்டுவிட்டேன். அது ஓடினால் எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காது. அது இந்த மெஷினில் உள்ள ஒரு வசதி.

டிசம்பர் 23, திங்கள்

இன்று இட்லி வரவில்லை.

ஜனவரி 1, புதன்

ஜெயக்கொடி போன். பன்னிரண்டாம் தேதி வருகிறாளாம். போகியன்று பழைய சாமான் வண்டிக்காரன் வருவானாம்.

"மைதீன் பாய் என்னமோ எர்த்துன்னு சொன்னாரே மாமா, பாத்தீகளா?"

"அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு. பிரச்சன ஆழத்துல இருக்கு. ஜப்பான்காரன் வந்தாத்தான் உண்டு."

"அப்பப் பழசுக்குப் போட்டுருவோம். அம்மா அதுல உக்காந்திருந்ததுதான் எனக்கு நெனப்புல வந்துக்கிட்டே இருக்கு."

எனக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை. காலையில் எழுந்தால் பல் தேய்க்கிறேன். மெஷினை எடுக்கிறேன். சாயங்காலம் வைக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜனவரி 4, சனி

பானட்டைத் திறந்தேன்.

பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் மயில்நீலம். நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டு கை அடித்திருக்கிறேன்.

கம்பி பிரஷை மாட்டி, குறைந்த வேகத்தில் வைத்து, வட்டமாக ஓட்டினேன். பெயிண்ட் சுருள் சுருளாக வந்தது. அதற்குக் கீழே கம்பெனிப் பெயிண்ட் ஒரு மூலையில் ஒட்டியிருந்தது, அதையும் எடுத்தேன். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை வெளேர் என்று இரும்பு தெரிந்தது. பட்டையின் அடியையும் தேய்த்தேன். முடுக்கினேன்.

மைதீன் விட்டுப்போன பேட்டரிதான். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். பாதித் திருகில் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருஷத்தில் இத்தனை சுகமாக ஒருநாளும் பிடித்தது இல்லை.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அணைத்தேன்.

டப்பாவில் கொஞ்சம் பெயிண்ட் மீதி இருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

காய்ந்துவிட்டது. பட்டையை மாட்டி முடுக்கினேன். சாவியைத் திருகினேன். டக்.

இனி யார் வந்து பார்த்தாலும் கார் பழசு, போய்விட்டது. அவ்வளவுதான்.

ஜனவரி 12, ஞாயிறு

ஜெயக்கொடி வந்துவிட்டாள். வந்ததும் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். விளக்கைத் தடவினாள். படியோரத் தகட்டைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாப் பண்ணியிருக்கீக மாமா. ஓடுனா வச்சுக்கிட்டிருக்கலாம்."

"ஓடாதும்மா. இந்த மாடல்ல இதுக்கு மருந்தே கெடையாது. மெட்ராஸ்ல ஒரு பெரிய இன்ஜினியரக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டார்."

மேஜைமேல் கண்ணாடி இருந்தது. எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது அம்மாது."

"தீப்பொறி பறக்கும்ல. அதான்."

முந்தானையால் துடைத்தாள். புள்ளிகள் போகவில்லை. திரும்பத் துடைத்தாள். எனக்குப் போகாது என்று தெரியும். சொல்லவில்லை.

மூன்று டம்ளர் அரிசி போட்டேன். இரண்டு போட வேண்டும்.

ஜனவரி 13, திங்கள், போகி

தெருவில் பழைய பாயும் துணியும் எரிந்த புகை. எட்டரை மணிக்குப் பழைய சாமான் வண்டி வந்தது. இரண்டு பேர். ஒருவன் கயிற்றைக் காரின் முன்பக்கத்தில் கட்ட ஆரம்பித்தான். அக்கா ஏறும் பக்கக் கதவு திறந்திருந்தது. இன்னொருவன் கிழவன், படியோரத் தகட்டில் செருப்புக் காலை வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். அங்கேதான் துருவை எடுத்துப் பட்டிவைத்திருந்தேன்.

"கால எடு" என்றேன்.

"என்ன பெரியவரே?"

"கால எடுய்யா அதுல இருந்து."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய் மெஷினையும் நீள வயரையும் கொண்டுவந்தேன். பானட்டைத் திறந்தேன். கண்ணாடி ஜெயக்கொடி கையில் இருந்தது, அது இல்லாமலே செய்தேன். போல்ட்டைக் கழற்றி, பிரஷை வைத்து, ஒரு நிமிஷம். இரண்டாம் தரம் என்பதால் எங்கே தேய்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. நீலம் போய் இரும்பு வந்தது. முடுக்கினேன். "சாவியப் போடு" என்றேன்.

ஜெயக்கொடி உள்ளே உட்கார்ந்து திருகினாள். ஓடியது.

"ஓடுற வண்டியவா போடக் கூப்பிட்டீக?" என்றான் கயிறு கட்டியவன். கிழவன் அவன் தோளைத் தட்டிக் கயிற்றை அவிழ்க்கச்சொன்னான். போய்விட்டார்கள்.

ஜெயக்கொடி என்ஜினை அணைக்காமல் இறங்கிவந்து அந்த இடத்தைப் பார்த்தாள். ஓரத்தில் பெயிண்ட் புதிதாக இருந்தது. வாசனைகூட முழுதாகப் போகவில்லை.

"பெயிண்ட்தானா மாமா?"

"ஆமா."

"அன்னிக்கும் இதானா?"

"இதான்."

"இது புதுசால்ல இருக்கு."

"போன வாரம் எடுத்தேன். ஓடுச்சு. திரும்ப அடிச்சிட்டேன்."

அவள் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஆயுதபூஜைக்கு அழகாருக்கட்டும்னுதான அடிச்சீக. தெரிஞ்சா செஞ்சீக?" என்றாள். நல்ல பிள்ளை. அக்கா வளர்ப்பு.

அதோடு விட்டிருக்கலாம். பெயிண்ட் கம்பெனிக்காரன் கலப்படம் செய்ததாக ஒரு கதையும் என்னிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன், வேறு வந்தது.

"உங்கம்மா ஆட்டோவக் கூப்பிடச் சொன்னா. இப்பிடி உக்காந்துக்கிட்டு, 'தவசி, ஆட்டோவக் கூப்பிடு'ன்னா. கார வாசல்ல வச்சுக்கிட்டு ஆட்டோவான்னேன். இந்தா இப்பப் புடிச்சிரும்னேன். இன்னொரு வாட்டி சொன்னா. ஒரு நிமிஷம்க்கா, நான் எதுக்கு இருக்கேன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இல்ல."

"எவ்வளவு நேரம் மாமா?"

"இருவத்தஞ்சு. பவுன்தாய் வந்து சத்தம் போட்ட பெறகுதான் கூப்பிட்டேன். அர மணி முந்தி வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டாரு. என் கையப் புடிக்கல."

எதிர்வீட்டு வாசலில் பவுன்தாய் துடைப்பத்தோடு நின்றாள். ஜெயக்கொடி என்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்தாள். கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வயரைச் சுற்றிவைத்தேன். மெஷின் சூடாக இருந்தது. அது ஆறும்வரை நின்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லை. பவுன்தாய் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து ஜெயக்கொடியிடம் கொடுத்தாள். அவள் அதில் பாதியை ஒரு தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன். இனித்தது.

ஜனவரி 20, திங்கள்

ஜெயக்கொடி மைதீனை வரச்சொல்லியிருந்தாள். ஒன்பது மணிக்கு அவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். ஈரச்செருப்பு இல்லை, இருந்தாலும் படியில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறினாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாசலில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது. ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"மாமா, இன்சூரன்ஸ் பேப்பர மேஜமேல விட்டுட்டேன். பத்தரைக்குள்ள வேணுமாம். கொண்டு வாங்க."

பேப்பரை எடுத்துக்கொண்டேன். சட்டை மாட்டினேன். தெருமுனை ஸ்டாண்டுக்குப் போன் செய்து ஒரு ஆட்டோ அனுப்பச் சொன்னேன். வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டது.